மதில்மேல் மஞ்சள் குருவி

காலையில் மதில்மேல் மஞ்சள் தலையோடு ஒரு தூக்கணாங்குருவி வந்து உட்கார்ந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குருவிக்குப் பயப்படுகிற ஆளில்லை நான். அது போய்விடுமோ என்றுதான் பயம்.

சின்ன வயதில் இதே விருத்தாசலம் வீட்டில், இதே மதிலில் ஒரு மஞ்சள் குருவியைப் பார்த்தேன். கம்புத் தானியத்தைத் தூவிவிட்டு அரை மணி நேரம் மூச்சடக்கி நின்றேன். பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிற அப்பா வந்து, அதை அடியில் பிடித்துத் தூக்கினார்.

"பெயின்ட் காயட்டும்னு வச்சேன்டா. இதுக்குப் போயி தீனி போடுற?"

அம்மா சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது.

இன்றைய குருவி தலையைத் திருப்பியது. பொம்மையில்லை. ஒரு பிடி கம்பை மதில்மேல் வைத்துவிட்டு அசையாமல் நின்றேன். மனைவி போய்ச்சேர்ந்து இரண்டு வருஷமான வீட்டில் அதெல்லாம் எனக்கு நல்ல பழக்கம். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, சென்னையிலிருக்கும் மகள். எடுக்கவில்லை. குருவி தின்றுவிட்டுப் பறந்த பிறகுதான் கூப்பிட்டேன்.

"ஏம்ப்பா எடுக்கல? பயந்தே பூட்டேன்."

"வூட்டுக்கு வந்தவங்க சாப்பிட்டுட்டு இருந்தாங்கம்மா."

"நம்ம வூட்டுக்கா? யாருப்பா வந்தாங்க?"

அவள் குரலில் அத்தனை சந்தோஷம். குருவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.