டாக்டர் பிள்ளைகளுக்காகப் போட்ட வேஷம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் புக்கிட் காத்தில் என்ற ஊரில் குடியிருந்தேன். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளின் கல்லூரி ஒன்றில், கேன்டீனில் வேலை. ஒருநாள் அங்கே பாடம் நடத்தும் டாக்டரம்மா வந்து, "அக்கா, நோயாளியா நடிக்க ஆள் வேணும். தமிழ் பேசணும். நீங்க வர்றீங்களா?" என்று கேட்டார். மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொள்ளும்.

முதலில் வயிற்றுவலி வேஷம். பிறகு இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி, மூட்டுவலி. வலி எங்கே, எப்போது தொடங்கியது என்றெல்லாம் ஒரு தாளில் எழுதித் தருவார்கள். கேட்டால்தான் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொல்லக் கூடாது. என்னைப் போன்ற ஓட்டைவாய்க்கு அதுதான் பெரிய கஷ்டம். நாடி பார்க்க வந்த பையன் ஒருவன் பதற்றத்தில் என் மணிக்கட்டை விட்டுப் புறங்கையில் நாடி தேடினான். "நான் நல்லாத்தான் இருக்கேன் தம்பி, நீ முதல்ல தண்ணி குடிலா" என்று சொல்லி டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

அப்புறம் வந்தது அந்த வேஷம். புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கும் பெண் நான். அவர் இறந்துவிட்டார், எனக்கு அது தெரியாது. படிக்கிற பிள்ளை வந்து எனக்குச் சொல்ல வேண்டும். 'இறந்துட்டார்' என்று தெளிவாகச் சொன்னால்தான் தேர்ச்சி. அதில் டாக்டரம்மா கண்டிப்பாக இருந்தார்.

ஒரு பெண்ணுக்கு மட்டும் அந்தச் சொல் வரவே இல்லை. மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப்பிள்ளை, படிப்பில் கெட்டிக்காரி. என் எதிரே உட்கார்ந்து, "ஆன்ட்டி, அங்கிளுக்குக் கொஞ்சம் சீரியஸ்லா. வீட்டு ஆளுங்கள வரச் சொல்லுங்க" என்றாள். அதோடு சரி. மறுவாரம் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தோற்றால் அந்த வருஷத்தையே மறுபடி படிக்க வேண்டும்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஜனம் அப்படித்தான். எங்கள் எஸ்டேட் தோட்டத்தில் யாராவது போய்விட்டால், உறவுக்காரர்களுக்குச் செய்தி கொண்டுபோகிற ஆள் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே, "ரொம்ப சீரியஸ், உடனே கிளம்புங்க" என்பார். கேட்டவர்கள் புரிந்துகொண்டு அழத் தொடங்குவார்கள். செத்துவிட்டார் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவனை ஈவு இரக்கம் இல்லாதவன் என்பார்கள்.

எனக்குத்தான் ஒரு தடவை புரியாமல் போயிற்று. என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வார்டு வாசலில் எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் என்னை நிறுத்தி, "அண்ணனுக்கு சீரியஸா இருக்கு அண்ணி. நீங்க வீட்டுக்குப் போங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றார். நான் அதை அப்படியே நம்பினேன். அப்போது எங்கள் வீடு இருந்த சுங்கை ரம்பாய்க்குப் பஸ் பிடித்துப் போய், அவருக்குக் கொண்டுபோகலாம் என்று கஞ்சி வைத்தேன். கஞ்சி ஆறுவதற்குள் வாசலில் லோரியிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு அடங்கவில்லை.

மறுவாரம் அந்தப் பெண் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. மூலையில் டாக்டரம்மா மார்க் தாளோடு இருந்தார். நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அது சட்டம்.

"ஆன்ட்டி... அங்கிளுக்கு..." என்று இழுத்தாள். அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளை தடுமாறுவதைப் போல இருந்தது எனக்கு. அந்த வேஷத்துப் பெண் கேட்கக்கூடியதாக ஒரு கேள்வி என் வாயில் வந்தது. தாளில் அது இல்லை.

"அப்ப நான் வீட்டுக்குப் போய் அவருக்குக் கஞ்சி வச்சு எடுத்தாரட்டுமாம்மா?"

அவள் என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்தாள்.

"வேணாம் ஆன்ட்டி. போகாதீங்க. அங்கிள் இறந்துட்டார்."

மூலையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிள்ளை தப்பித்துக்கொண்டாள். அந்த இடத்தில் நான் அழ வேண்டும் என்று தாளில் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

"கஷ்டப்பட்டாராம்மா?" என்று கேட்டேன்.

அவளுடைய தாளில் அதற்குப் பதில் கிடையாது.

"எனக்குத் தெரியல ஆன்ட்டி. கூட இருந்த நர்ஸைக் கேட்டு வந்து சொல்றேன். கண்டிப்பா சொல்றேன்."

"நேரம் முடிஞ்சிருச்சு" என்றார் டாக்டரம்மா. அவள் என் கையை விடவில்லை. நானும் விடவில்லை. என் வீட்டுக்காரர் போய் அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்டது அன்றைக்குத்தான்.