சாமை மூட்டைச் சந்தில் கேட்ட குரல்

நான் வாயை மூடுவது தூங்கும்போது மட்டும்தான் என்பார் அப்பா. அதுவும் சந்தேகம்தான் என்பாள் அம்மா. எனக்கு நேர் எதிர் என் மாமா. அம்மாவின் தம்பி. கள்ளக்குறிச்சியில் எங்களோடு இருந்துகொண்டு, அப்பாவின் தானியக் கடைக்குக் கல்வராயன் மலையிலிருந்து சாமையும் புளியும் இறக்கிக்கொண்டு வருகிற வேலை பார்த்தார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், ஏனென்றால் அவருக்குத் திக்குவாய்.

‘க’வும் ‘ப’வும் அவருக்கு ஜென்ம விரோதிகள். சங்கராபுரத்தில் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் கள்ளக்குறிச்சி என்று கேட்க வேண்டுமே, அந்தக் ‘க’ தொண்டையிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் அதையும் தாண்டித் தியாகதுருகத்துக்கு டிக்கெட் எடுப்பார், கள்ளக்குறிச்சி வந்ததும் பேசாமல் இறங்கிவிடுவார். எனக்கு அதில் ஒரே பெருமை. எங்கள் மாமா மட்டும்தான் ஜாஸ்தி தூரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பாதியில் இறங்குகிற ஆள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்படிப்பட்டவர்தான் விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிற வேலைக்குப் போக ஆசைப்பட்டார். சென்னையில் ஒரு ஸ்டுடியோ, ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் பள்ளிப் பாட வீடியோக்களுக்கும் புதுக் குரல் தேடுகிறது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். இரண்டு நிமிடம் பேசி சாம்பிள் அனுப்ப வேண்டும். அம்மாவிடம் சொன்னபோது அவள் அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. “சோத்துக்குக் கொழம்பு ஊத்துன்னு கேக்கறதுக்குள்ள சோறு ஆறிப்போவுது. நீ பேசி அவன் கேக்கறதா? போடா, போய் மூட்டயப் பாரு” என்றாள். மாமா மூட்டையைப் பார்க்கப் போய்விட்டார். அன்று சாயங்காலம் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதி வைத்திருந்த தாளை எதிரில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் என் வேலை. அதோடு ஒரு விளையாட்டும் சொன்னார். என்னிடம் பேசும்போது அவருக்குத் திக்கல் கொஞ்சம் கம்மி.

“நீயும் என்கூடவே படி, பாப்பா. வாய் மட்டும் அசையணும். சத்தம் வந்துச்சின்னா நீ அவுட்டு.”

ஓட்டைவாய்க்காரியான என்னை அடக்கி உட்கார வைக்க மாமா கண்டுபிடித்த தந்திரம் இது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டிலும் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அரைமணி நேரம் நான் சத்தமில்லாமல் இருப்பதைப் பார்த்து அப்பா மாமாவின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் சாம்பிளை எங்கள் வீட்டிலேயே ஒசத்தியான அறையில் பதிந்தோம். அந்த வருடம்தான் புதிதாகக் கட்டி, தரையில் டைல்ஸ், சுவரில் இடுப்பளவு டைல்ஸ் என்று இழைத்திருந்த அறை. ஒரு கட்டில்கூட இன்னும் போடவில்லை. அவ்வளவு சுத்தமான அறையில் பேசினால் குரலும் சுத்தமாக இருக்கும் என்பது எங்கள் கணக்கு. இரண்டு நாள் கழித்து ஸ்டுடியோவிலிருந்து ஓர் அண்ணன் குரல் செய்தி அனுப்பினார். குரல் பிரமாதம், ஆனால் கல்யாண மண்டபத்துக்குள் நின்று பேசுவது மாதிரி எதிரொலிக்கிறது, தூரத்தில் டிராக்டர் வேறு ஓடுகிறது, ‘ப’ வருகிற இடமெல்லாம் மைக்கில் காற்று அடிக்கிறது என்றார். அறையின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள், தட்டிய சத்தம் திரும்பி வந்தால் அந்த அறை ஆகாது என்றும் சொன்னார். போய்த் தட்டிப் பார்த்தோம். டைல்ஸ் அறை டங்கென்று திருப்பிச் சொன்னது.

அதன் பிறகு நாங்கள் இருவரும் கைதட்டாத இடமில்லை. சமையலறையில் தட்டினோம், மாட்டுக் கொட்டகையில் தட்டினோம், அம்மாவின் பீரோவைத் திறந்து புடவைகளுக்குள் தலையை விட்டுத் தட்டினோம். புதுக் காலுறையைப் போனின் மைக்குக்கு மாட்டி, போனை ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் வைத்ததும் அந்தக் காற்று அடங்கியது. மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்தினோம், ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்து பால் திரிந்ததில் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டோம். கனத்த கம்பளிக்குள் இருவரும் புகுந்து வேர்க்க விறுவிறுக்கப் படித்துப் பதிந்த இரண்டாவது சாம்பிளும் திரும்பி வந்துவிட்டது. கரும்பு டிராக்டர்காரர்கள் பாட்டுப் பெட்டியை அலறவிட்டுக்கொண்டு போகிற ரோட்டில் வீடு இருந்தால் கம்பளி என்ன செய்யும்? வெள்ளிக்கிழமைக்குள் சுத்தமான சாம்பிள் வந்தால் எடுத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறோம் என்று அந்த அண்ணன் சொல்லிவிட்டார். மாமா இரண்டு வேளை சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை சாமை எடுக்க மலைக்குப் போகிற நாள். மாமாவுக்குத் திடீரென்று முகம் தெளிந்தது. “மலையில இன்னா சத்தம் இருக்கு? அங்கயே முடிச்சிடலாம், பாப்பா” என்றார். காய்ச்சல் என்று எனக்கு ஒரு பொய் லீவு வாங்கிக்கொண்டு மினி லாரியில் கிளம்பினோம்.

கரியாலூருக்குக் கொஞ்சம் தள்ளி, காட்டை ஒட்டி இருந்தது எங்களுக்குச் சாமை கொடுக்கிற குடும்பத்தின் வீடு. அந்த வீட்டு அம்மாவை நான் மலை அத்தை என்று கூப்பிடுவேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. அதன்மேல் உட்கார்ந்து, காலுறை மாட்டிய போனை மடியில் வைத்து, நான் தாளைப் பிடிக்க, மாமா வாயைத் திறந்தார். அந்த நொடியில் சில்வண்டுகள் ஆரம்பித்தன. ஒரு மரத்தில் நின்றால் அடுத்த மரத்தில். அது ஓய்ந்தால் காற்று, காற்று ஓய்ந்தால் ஆட்டு மணி. ரோட்டிலிருந்து பார்க்கும்போது மலை சும்மா நிற்பது போலத்தான் இருக்கும், போனில் பதிந்து கேட்டால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டே தேவலாம்.

மலை அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மலையில சத்தமே இல்லன்னு யாரு சொன்னா ஒங்களுக்கு? கீழ கெடக்கறவங்க கதயா அது? வந்து மூட்டயத் தூக்கற வேலயப் பாருங்க” என்றாள்.

மாமா எழுந்து போனார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்ட விதத்திலேயே அவர் அதைக் கைவிட்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. அழுகை வந்தாலும் நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன். சில்வண்டைத் திட்டிக்கொண்டே அவர் பின்னால் சாமை அறைக்குப் போனேன். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அங்கே நுழைய வேண்டும். மண் சுவர், மேலே கனமான புல் கூரை, தரையிலிருந்து கூரைவரை சாமை மூட்டைகள். எலி பார்ப்பதற்காக நடுவில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டிருந்தார்கள். அதற்குள் நான் நாலடி வைத்திருப்பேன். பேச்சை அப்படியே நிறுத்திவிட்டேன்.

என்னை யாரும் அதட்டவில்லை. என் குரல் எனக்கே பயமாக இருந்தது, அதனால் நின்றேன். வாயைவிட்டு வெளியே போன சொல் எங்கேயும் போய் முட்டவில்லை, திரும்பி வரவில்லை. வெளியே அவ்வளவு கத்திய சில்வண்டுகள் இல்லவே இல்லை. கைதட்டிப் பார்த்தேன். தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே செத்துப்போனது. காதுக்குள் என் இதயம் அடிப்பது கேட்டது. அதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை. எனக்குள் இப்படி ஒன்று இவ்வளவு நாளும் விடாமல் வேலை செய்துகொண்டிருந்ததா என்று திகைத்து நின்றேன்.

“மாமா, இங்க வா” என்றேன். ரகசியம் சொல்வது போலத்தான் வந்தது.

மாமா வந்து ஒரு தடவை தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். பிறகு மூட்டையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். சாமி அறைக்குள் நிற்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

விஷயம் தெரிந்ததும் மலை அத்தை உரலில் குத்திக்கொண்டிருந்த சாமையை அப்படியே விட்டாள். கோழிகளை விரட்டினாள். நாயை இழுத்து மடியில் போட்டு அதன் வாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். “சீக்கிரம் பேசி முடிங்க, இது கடிக்கிற நாயி” என்றாள். உள்ளே நானும் மாமாவும் முட்டியும் முட்டியும் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தோம். போனை ஃப்ளைட் மோடில் போட்டோம். முதல் தடவை சாமைத் தூசியில் நான் தும்மிக் கெடுத்தேன். மாமா கோபிக்கவில்லை. “வாய மட்டும் அசை. என்னயே பாரு” என்றார்.

அவர் எழுதியிருந்த முதல் சொல்லே “கள்ளக்குறிச்சி மக்களே” என்பதுதான். வீட்டில் பதிந்தபோது ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டி இரண்டாம் வரியிலிருந்துதான் ஆரம்பித்தார். அன்று என்ன தோன்றியதோ, தாளின் முதல் வரியில் விரலை வைத்துக் காட்டினார். நான் வாயைத் திறந்தேன், அவரும் திறந்தார்.

கள்ளக்குறிச்சி மக்களே.

பிசிறில்லாமல் வந்தது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் வாயிலிருந்து அந்த ஊரின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டேன். அப்புறம் குரல் நிற்கவே இல்லை. பட்டுப்புடவை, பள்ளிக்கூடம், பெண்ணையாற்று வெள்ளம் என்று ‘ப’வும் ‘க’வுமாக எழுதியிருந்த எல்லாவற்றையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அது மாமாவின் குரல் என்று நம்பவே முடியவில்லை. பெரியதாக, நிதானமாக, யாருக்கும் பயப்படாத ஒருவருடைய குரலாக இருந்தது. எங்கே சத்தம் வந்து தொலைத்துவிடுமோ என்ற பயத்தில், அவர் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் நானும் கூடவே வாயசைத்துக்கொண்டு போனேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதைவிட நீளமான இரண்டு நிமிடம் இன்றுவரை எனக்கு வாய்க்கவில்லை.

மலை அத்தைக்கு இயர்போனை மாட்டிக் கேட்க வைத்தோம். நாயை விட்டுவிட்டாள், அது குரைத்துக்கொண்டு ஓடியது. முழுதும் கேட்டுவிட்டு மாமாவை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்தக் கொரல வச்சிகினா இத்தினி வருசமா என்கிட்ட எட போட்டுகினு இருந்த?” என்றாள். மாமா சிரித்தார். பதில் சொல்ல வாயெடுத்தார், வழக்கம்போல ‘அக்கா’வின் ‘அ’ மட்டும் வந்து ‘க்’கில் நின்றுவிட்டது.

சாம்பிள் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரமே கூப்பிட்டுவிட்டார்கள். சனிக்கிழமை நேரில் வந்து ஒரு தடவை பேசிக் காட்டினால் வேலை நிச்சயம். அம்மா ஆள்மாற்றி ஆளுக்குப் போன் போட்டுச் சொன்னாள், மாமாவின் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டாள். அப்போதுதான் மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அக்கா, பாப்பாவயும் கூட்டிகினு போவட்டா?”

“வேலைக்குப் போறியா, எக்சிபிசன் பாக்கப் போறியா? அவளுக்கு அன்னிக்கு ஆண்டு விழா டான்சு கீது.”

மாமா என்னைப் பார்த்தார். எனக்கு மயில் வேஷம். நீலப் பாவாடையும் அட்டைத் தோகையும் தயாராக இருந்தன. நான் தலையை ஆட்டி, வரமாட்டேன் என்றேன். மாமாவின் வாய் எதையோ சொல்ல ஆரம்பித்து, வெகுநேரம் மல்லுக்கட்டி, கடைசியில் விட்டுவிட்டது. “சரி” என்றார். தனியாக பஸ் ஏறிப் போனார்.

போன வருடம் பி.எட். பயிற்சிக்காக மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுத்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை திக்குவாள். எழுந்து படி என்றால் கண் கலங்கிவிடும். ஆனால் வகுப்பே சேர்ந்து படிக்கும்போது அவள் குரல் எல்லோரையும்விடத் தெளிவாகக் கேட்பதை ஒரு நாள் கவனித்தேன். மறுநாள் அவளைத் தனியாக நிறுத்தி, எதிரில் நின்று, அவளுக்காகச் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். அந்தப் பிள்ளை ஒரு பக்கம் முழுவதையும் எங்கும் மாட்டாமல் படித்தது. கூட ஓர் உதடு அசைந்தால் போதுமாம், சிலருக்குத் திக்கல் விட்டுவிடுமாம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் தோகையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மாமா திரும்பி வந்தார். கஞ்சி போட்ட சட்டை கசங்கியிருந்தது. வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் நூறு கேள்வி கேட்டேன். ரூம் எப்படி இருந்தது என்றேன். சாமை ரூம் மாதிரியே இருந்தது, தட்டிப் பார்த்தேன் என்றார்.

“உனக்கு யாரு மாமா பேப்பர் புடிச்சாங்க?”

“அங்க ஸ்டாண்டு வச்சிருந்தாங்க, பாப்பா. நல்ல ஸ்டாண்டு.”

என் வேலையைப் போயும் போயும் ஓர் இரும்பு ஸ்டாண்டு செய்துவிட்டதே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அன்று ராத்திரிவரை நான் மாமாவோடு பேசவில்லை.