வாடகைக்கு யாருமில்லை

பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு ஆசிரியர்களின் விசா வேலையைப் பார்ப்பவள் நான். நியமனக் கடிதம் அனுப்புவது, வந்ததும் பதிவு செய்ய வைப்பது, விசா முடிவதற்குள் நீட்டிப்பு வாங்குவது எல்லாம் என் தலையில்தான். எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆப்பு என் வீட்டுக்குள்ளிருந்தே வரும் என்று நினைக்கவில்லை.

எத்தியோப்பியாவிலிருந்து மண்ணியல் கற்பிக்க ஒரு பெண் வந்திருந்தாள். சைனிக்புரி பகுதி முழுக்க அவளுக்கு வீடு தேடி அலைந்தேன். போனில் இனிக்க இனிக்கப் பேசியவர்கள் எல்லாம், அவளை நேரில் பார்த்ததும் திடீரென்று மகன் வருகிறான், மருமகள் வருகிறாள் என்றார்கள். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. லோத்குண்டாவில் எங்கள் வீட்டு மாடி காலியாகத்தான் கிடந்தது. முறைப்படி ஒப்பந்தம் எழுதி அவளைக் குடிவைத்தேன்.

என் கணவர் ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வாரம் அவளைக் கண்டால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அடுத்த மாதம், அவள் வராமல் சாப்பிட உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஒரு வருட விசா முடியப்போகிறது என்று நீட்டிப்புக்கு வெகு முன்கூட்டியே விண்ணப்பித்தேன். ஒரு காகிதம் குறையாது. ஆனால் விசா முடிய இருந்த வாரத்தில் குடிவரவு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. கொடுத்த முகவரியில் அப்படி யாரும் வாடகைக்கு இல்லை என்று போலீஸ் அறிக்கை கொடுத்திருக்கிறதாம். வீட்டு உரிமையாளரோடு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் அவள் நாட்டை விட்டுப் போக வேண்டும், வேலையும் போய்விடும்.

வீட்டுக்கு ஓடினேன். "போலீஸ் வந்தாங்களா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"ஹவ், ஆமா, போன வாரம் வந்தாங்க. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டீங்க. டீ போட்டுக் குடுத்தேன்."

"என்ன கேட்டாங்க?"

"ஃபாரினர் யாராச்சும் கிராயாக்கு, வாடகைக்கு இருக்காங்களான்னு. கிராயாக்கெல்லாம் யாரும் இல்ல சார், மேல இருக்கிறது எங்க வீட்டுப் பொண்ணுன்னேன். கைக்கு, எதுக்குக் கேக்குற?"

நான் அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளிறிப்போனது. "நம்ம வீட்ல ஒண்ணா உக்காந்து சாப்பிடுற பொண்ணைப் போய் வாடகைக்காரின்னு எவன்கிட்டயோ எப்படிடி சொல்றது?" என்றார். அந்த நேரத்தில் அவரை அடிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் குடிவரவு அலுவலகத்துக்குக் காரில் போகும்போது இருவருக்கும் பாடம் எடுத்தேன். "பொண்ணு கிண்ணுன்னு வாயத் திறந்தீங்கன்னா ஒப்பந்தமே பொய்யின்னு ஆயிடும், அவ்ளோதான்" என்று அவரிடம் சொன்னேன். அவளிடம் ஆங்கிலத்தில், "அவர் வீட்டு உரிமையாளர். வேறு எதுவும் சொல்லாதே" என்றேன்.

"அங்கிள் என்றுகூடவா?"

"கூடாது."

அதிகாரி ஒப்பந்தத்தையும் போலீஸ் அறிக்கையையும் அருகருகே வைத்து, "இதில் எது பொய்?" என்று இந்தியில் கேட்டார். என் கணவர் எழுந்து நின்றார். அவள் வாடகைக்குத்தான் இருக்கிறாள், நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன், அவளுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று கடகடவென்று ஒப்பித்தார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அதிகாரி அவள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "இவர் உங்களுக்கு யார்?" என்றார்.

"வீட்டு உரிமையாளர், சார்."

"வேறு?"

"வேறு ஒன்றுமில்லை."

குரல் பிசிறவில்லை, நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள். சற்று முன் அதையே சொன்ன மனிதருக்கு அவள் வாயால் கேட்கத் தாங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. அதிகாரி அவரையே உற்றுப் பார்த்தார். வாடகைக்காரிக்காக யார் அழுவார்கள்? எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, சார்" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

அதிகாரி ஒப்பந்தத்தை மறுபடி ஒருமுறை புரட்டினார். பிறகு விசைப்பலகையைத் தட்டி, "நீட்டிப்பு கொடுத்தாயிற்று" என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் ஓடிவந்து என் கணவரின் கையைப் பிடிக்கப் போனாள். அவரும் கையை நீட்டிவிட்டார். பின்னால் கண்ணாடிக் கதவு வழியே அதிகாரி தெரிந்தார். நான் இருவருக்கும் நடுவில் புகுந்து, வாசலைத் தாண்டும்வரை வேண்டாம் என்று தடுத்தேன்.