நான் குடிக்காத சுனைத் தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு ஒரு வாசகர் வந்தார். பெயர் குமரகுரு. பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர். கையில், இதே பக்கத்தில் நான் எழுதிய கட்டுரை... கத்தரித்து நாலாய் மடித்து வைத்திருந்தார்!

ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடிய எனக்குப் பிடித்த ஐந்து மலைகள் என்று கோடையில் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? அதில் செங்கல்பட்டுப் பக்கத்து மலை ஒன்று. ‘உச்சியில் ஒரு சுனை உண்டு. எந்த வெயிலிலும் வற்றாது. பாட்டில்களைச் சுமந்து ஏன் மூச்சு வாங்குகிறீர்கள்?’ என்று கேட்டிருந்தேன்.

“நானும் என் சம்சாரமும் போனோம் சார்” என்றார். “நாள் பூரா தறிக்குழியில மிதிச்ச எடத்துலயே மிதிச்சிக்கினு இருக்கேன். மலை ஏறினாத்தான் இந்தக் காலு எங்கனா போவுதுன்னு ஒரு திருப்தி.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே பார்த்து காபி சொன்னேன்.

“ஒரே பாட்டில்தான் எடுத்துக்கினு போனோம். மேல போயி தேடறோம், தேடறோம்... சுனையைக் காணோம். இறங்கறப்ப அவ மயங்கி விழுந்துட்டா. எதிர்ல வந்தவங்க தண்ணி குடுத்து, கீழ தூக்கிக்கினு வந்தாங்க. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்தினாங்க.”

“இப்போ?”

“நல்லா இருக்குறா சார். நாங்கதான் வழி தப்பிட்டோம். சுனை எந்தப் பக்கம்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன். மறுபடி போவணும்னு அவதான் சொல்றா.”

உண்மை என்ன தெரியுமா? அந்த மலையில் நான் பாதிக்கு மேல் போகவில்லை. மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். மேலிருந்து இறங்கிய யாரோ சுனையைப் பற்றிச் சொன்னார் — அது மழைக்காலம். ‘வற்றாது’ என்பது என் சொந்தச் சரக்கு.

அதை அப்போதே சொன்னேனா? இல்லை. “பெரிய பாறைக்கு... இடது பக்கம்” என்றேன். அவர் பேனா கேட்டு வாங்கி, கட்டுரையின் ஓரத்தில் ‘இடது’ என்று எழுதிக்கொண்டார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. மறுபடி போவார்கள். நான் சொன்ன இடது பக்கத்தில் தேடுவார்கள்...

மறுநாள் காலை விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். குமரகுரு தறியில் இருந்தார். அவர் மனைவி செல்வராணி நாற்காலி எடுத்துப் போட்டார். ஊசி குத்திய இடம் கையில் இன்னும் கன்றிப் போயிருந்தது. நான் உட்காரவில்லை.

“நான் உச்சிக்கே போகலைம்மா. அந்தச் சுனையைப் பார்த்ததே இல்ல. நேத்து சொன்னதும் பொய்தான். மன்னிச்சிடுங்க.”

தறிச் சத்தம் நின்றது.

“வழிய சரியா பாக்காம நான்தான் இவள விழ வெச்சிட்டேன்னு இத்தினி நாளா நெனைச்சிக்கினு இருந்தேன் சார்” என்றார் குமரகுரு. திட்டியிருக்கலாம்... திட்டவில்லை.

செல்வராணிதான் கேட்டார். “மத்த நாலு மலையாவது ஏறினீங்களா சார்?”

இரண்டுதான். அவரிடம் சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன். பாதி மலையில் உட்கார்ந்ததில் வெட்கம் ஒன்றுமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே உச்சியை எழுதியதுதான்...

அந்தக் கட்டுரையை யாராவது கத்தரித்து வைத்திருந்தால், தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்!