வேனில் ரங்கெலுக்கு ஓர் இருக்கை

நாலு வாரத்துக்கு ஒரு தடவையாவது லாரி டிரைவர் வீடு திரும்பக் கம்பெனி வழி செய்ய வேண்டும் என்று ஐரோப்பா முழுவதற்கும் பொதுவாகச் சட்டம் வந்தபோது, ஐரோப்பாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் விடின் ஊர் லாரிக்காரர்களின் மனைவிமார் ஒரு வாரம் சிரித்த முகமாகத் திரிந்தார்கள். லாரி டிரைவர் ரங்கெலுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

உடனே வேறு ஏதாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு நாட்டில் லாரி ஓட்டுகிறவனுக்கு நாலு வீடு இருக்கும் என்று பேசுவதில் எங்கள் ஊர் வாய்க்கு அலாதி ருசி. ரங்கெலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவனுக்கு இருந்தது ஒரே வீடு, ஒரே மனைவி. அந்த வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இருபது வருஷத்துக்கு மேல் லாரியிலேயே கிடந்தவன். முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவான். வந்த மறுநாளே காலில் சக்கரம் கட்டியவன் போல அடுக்களைக்கும் ஜன்னலுக்கும் நடப்பான். சூப் குடிக்க ஸ்பூன் தேடி ஒவ்வொரு டிராயராகத் திறப்பான். "மூணாவது டிராயர். போன வருஷமே மாத்திட்டேன்" என்பாள் அவன் மனைவி நெவெனா, தலையைத் திருப்பாமலே. விருந்தாளிக்காவது ஸ்பூனை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். தன் வீட்டில் தான் விருந்தாளிக்கும் ஒரு படி கீழே என்று அவனுக்குத் தோன்றும். அதைச் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

லாரியில் அவனுக்கு எல்லாம் பிடிபட்டிருந்தது. பிரான்ஸுக்குள்ளேயே சரக்கு ஏற்றி இறக்கினால், இந்த ஆளை வேலைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று கம்பெனி முன்கூட்டியே அந்த நாட்டுக்கு எழுதிப் போட வேண்டும். அந்த நாள்களுக்கு அந்த நாட்டுக் கூலி. ஒரு நாட்டைச் சும்மா கடந்து போனால் அந்த நாட்டுக்கு அவன் யாரோ எவனோ. எல்லை தாண்டியதும் முதல் நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஓட்டும் நேரத்தைப் பதிகிற கருவியிடம் இப்போது எந்த நாடு என்று சொல்ல வேண்டும். புது லாரிகளில் அதுவாகவே தெரிந்துகொள்ளும். ரங்கெலுடையது பழசு. இத்தனை வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட மறந்ததில்லை. கருவிக்கு அவன் இருக்கும் இடம் தெரியும். நெவெனாவுக்குத்தான் தெரியாது.

நாலு வாரத்துக்கு ஒரு முறை கம்பெனி அலுவலகத்திலிருந்து செவ்தா கூப்பிடுவாள். சின்னப் பெண், கணீரென்று பேசுவாள்.

"ரங்கெல் அண்ணே, இந்தத் தடவையாவது வர்றீங்களா? ஊருக்கு வர்ற கம்பெனி வேன்ல சீட்டு போட்டுடவா?"

"வேணாம்மா. வேற யாருக்காவது குடு."

"யாருக்குக் குடுக்க? உங்க சீட்டு காலியா வருது, காலியா போகுது. கேக்கறது என் கடமை, கேட்டுட்டேன். ஓய்வை எங்க எடுக்கறதுங்கறது உங்க இஷ்டம்."

போனை வைத்த கையோடு நெவெனாவைக் கூப்பிட்டு, "விட மாட்டேங்கறாங்க, ஆள் பத்தலையாம்" என்பான். முதல் தடவை நாக்கு குழறியது. ஒரு வருஷத்தில் அதுவும் பழகிவிட்டது. நெவெனா கம்பெனிக்காரர்களை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவாள். அவனும் கூடச் சேர்ந்து திட்டுவான்.

பொய்க்கு ஆயுசு எவ்வளவு நாள்? பெல்ஜியத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது செவ்தாவின் போன் வந்தது. குரலில் கணீர் இல்லை.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. காலைல நெவெனா அக்கா வேலை பாக்கற கடைக்கு, சீஸ் வச்சுச் சுடற பானித்சா வாங்கப் போனேன். என்னைப் பாத்ததும் எல்லார் முன்னாடியும் பிடிபிடின்னு பிடிச்சிட்டாங்க. சட்டம்னு ஒண்ணு இருக்கா இல்லையா, என் புருஷன் என்ன உங்க கம்பெனிக்கு அடிமையான்னு. எனக்கும் கோவம் வந்திருச்சு. நான் கூப்பிடறேன், அவருதான் வர மாட்டேங்கறாருன்னு சொல்லிட்டேன்."

ரங்கெல் இறக்கும் வேலையை நிறுத்தினான். "அவ என்ன சொன்னா?"

"ஒண்ணுமே சொல்லல. என் பானித்சாவைச் சுத்திக் குடுத்துட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிட்டாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல."

அதன்பின் நெவெனா கூப்பிடவில்லை. இவன் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. மறுநாள் பிரான்ஸுக்குச் சரக்கு கொண்டுபோனான். அதற்கு மறுநாள் பெல்ஜியத்துக்குத் திரும்பினான். திரும்பும்போது எல்லையில் நிற்க மறந்தேபோனான். வெகு தூரம் வந்த பிறகுதான் கருவி இன்னும் பிரான்ஸ் என்று காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். ஓரங்கட்டி நாட்டை மாற்றினான். அவள் விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்ற பயம் அப்போதுதான் முழுசாக வந்தது. வீடு பிடிக்கவில்லை என்பது வேறு, வீடே இல்லை என்பது வேறு.

வெள்ளிக்கிழமை லியேஜ் பக்கத்து லாரி நிறுத்தத்தில் கம்பெனி வேன் வந்து நின்றது. ஊரிலிருந்து மாற்று டிரைவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாகக் கையில் ஒரு பையும் பானித்சாத் தட்டும் வைத்துக்கொண்டு நெவெனா இறங்கினாள்.

"உன் சீட்டுதான். சும்மாத்தானே வருது, குடுன்னேன், செவ்தா குடுத்துட்டா" என்றாள். "ஞாயித்துக்கிழமை வேன் திரும்புது. அந்த சீட்டுல நீ ஊருக்கு வர்றே. வரலைன்னா இனிமே வரவே வேணாம். இது நான் போட்ட சட்டம்."

கேபினில் ஏறி அவன் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தாள். ரங்கெல் காப்பி போட்டான். திரும்பிப் பார்க்காமல் பின்னால் கை நீட்டிக் கோப்பையை எடுத்தான், மேலே நீட்டிச் சர்க்கரையை எடுத்தான், இடது பக்கம் நீட்டி ஸ்பூனை எடுத்தான். நெவெனா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் வரல?"

"அங்க ஸ்பூன் எங்க இருக்குன்னு தெரியல."

"என்ன, கிண்டலா?"

"இல்ல நெவெனா."

காப்பியை அவள் குடிக்கவில்லை. "வழி பூரா வேண்டிக்கிட்டு வந்தேன், எவளாவது ஒருத்தி இருக்கணும்னு. இருந்தா அவளைத் திட்டலாம். இப்ப நான் யாரைத் திட்டறது? உனக்காக ஒரு வருஷம் ஊரெல்லாம் கம்பெனியைத் திட்டினேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்" என்றாள். ரங்கெலுக்கு அவமானத்தில் காது சுட்டது.

வார ஓய்வைக் கேபினில் எடுக்கக் கூடாது என்பதும் சட்டம். அதற்காக லாரி நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே கம்பெனி ஒரு விடுதி அறை பிடித்துக் கொடுத்திருந்தது. அங்கே நெவெனா தூங்கினாள். ரங்கெல் புரண்டு புரண்டு பார்த்துவிட்டு, விடிவதற்குள் பூனை போல நழுவி லாரிக்கே வந்து படுத்துவிட்டான். கதவைத் தட்டும் சத்தம் கேட்டு விழித்தால், கீழே சோதனை அதிகாரி நிற்கிறார். அவருக்குப் பின்னால் கோட்டை மாட்டிக்கொண்டே நெவெனா வருகிறாள்.

அதிகாரி பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றாள் நெவெனா.

"இங்க தூங்கக் கூடாதாம். ஒழுங்கான படுக்கை இருக்கற இடத்துல தூங்கணுமாம்."

"கேளு அவரை. அங்கெல்லாம் தூக்கம் வராதவன் என்ன செய்யணும்னு சட்டத்துல எழுதியிருக்கான்னு கேளு."

தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் ரங்கெல் கேட்டான். அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. "வீட்டிலும் வராதா?" என்று கேட்டார்.

ரங்கெல் குனிந்து காலணியை மாட்டிக்கொண்டான்.

"இப்ப என்ன கேட்டாரு?"

"வீட்டுலயும் வராதான்னு கேக்கறாரு."

"பதில் சொல்லு."

அவன் அதிகாரியைப் பார்க்காமல் நெவெனாவைப் பார்த்து, எங்கள் பேச்சிலேயே சொன்னான். "வராது. நீ மூச்சு விடறதைக் கேட்டுக்கிட்டே முழிச்சுக் கிடப்பேன். எந்தப் பக்கம் கை நீட்டினா என்ன இருக்கும்னு தெரியாது. பயமா இருக்கும்."

மொழி புரியாவிட்டாலும் அதிகாரி அந்தப் பேச்சு முடியும்வரை காத்திருந்தார். பிறகு அபராதத்தை எழுதினார். சட்டம் சட்டம்தானே.

ஞாயிற்றுக்கிழமை வேனில் இருந்தது அந்த ஒரு இடம்தான். மற்றவற்றில் ஊர் திரும்பும் டிரைவர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ரங்கெல் பையும் கையுமாக நின்று, "நீ உட்காரு. நான் பஸ்ஸில வந்துடறேன்" என்றான்.

"இன்னொரு பொய்யா?" என்று அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள் நெவெனா. "நான் பஸ்ஸில வர்றேன். நீ போய் வீட்டுல தனியா இரு. எங்க என்ன இருக்குன்னு சொல்ல ஆள் இருக்காது. நீயே பாத்துக்கோ."

பஸ் மாறி மாறி அவள் விடின் வந்து சேர மேலும் ஒரு நாள் ஆனது. நாலு மாடி ஏறிக் கதவைத் திறந்தால், அடுக்களை அவளுடையதாக இல்லை. மேல் அலமாரியில் இருந்த தட்டுகள் ஜன்னலோரம் வந்திருந்தன. சர்க்கரை டப்பா கை எட்டும் உயரத்தில் ஒரு ஆணியில் தொங்கியது. மேசை நடுவிலிருந்து சுவரோரம் போய்விட்டது. ரங்கெல் தாடியும் சிவந்த கண்ணுமாக அடுப்பருகே சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். தூங்கியவன் முகமாக அது இல்லை.

நெவெனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பசி. ஒரு கிண்ணம் சூப்பை ஊற்றிக்கொண்டு மூன்றாவது டிராயரை இழுத்தாள். அதில் திருப்புளியும் பழைய சாவிகளும் கிடந்தன. இரண்டாவதை இழுத்தாள். முதலாவதை இழுத்தாள்.

"ரங்கெல், ஸ்பூன் எங்க?"

அவன் தலையைத் திருப்பாமல் இடது பக்கம் கையை நீட்டி ஒரு ஸ்பூனை எடுத்து, அவள் கையில் கொடுத்தான்.