துறைமுக வெளிச்சத்துக்கு வாங்கிய லென்ஸ்

கொட்டாஞ்சேனையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். துறைமுகத்திலிருந்து சாமான்களை எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் எனக்குக் கிளார்க் வேலை. பின்னேரங்களில் காய்ந்த உடுப்புகளை எடுக்க மொட்டைமாடிக்குப் போனால் தூரத்தில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். இருட்டியதும் அவற்றின் விளக்குகள் தண்ணீரில் நீளமாக நெளியும். யுத்த நிறுத்தம் இருந்த நாட்களில் பழைய ஃபிலிம் கமராவால் அதை எடுத்துப் பார்த்தேன். கழுவி வந்த படத்தில் இருட்டும் ஒரு மஞ்சள் இழுவையும்தான் இருந்தன.

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். என்றால் எடுத்த படத்தை அங்கேயே பார்த்துத் திருத்தலாம். நான் அதை வாங்க முடிவெடுத்த நேரம் சண்டை மறுபடி தொடங்கி, வீதிகளில் சோதனைச்சாவடிகளும் திரும்பி வந்திருந்தன.

வெள்ளவத்தையில் காலி வீதி என்னும் பெருந்தெருவுக்குச் சற்று உள்ளே ஒரு கமராக் கடை இருந்தது. முதலாளி ஐம்பது வயது தாண்டிய சிங்களவர். எங்கள் பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான். மூன்று சனிக்கிழமைகள் போனேன். ஒருநாளும் அவர் அவசரப்படுத்தவில்லை. இரவுப் படத்துக்குக் கமராவைவிட லென்ஸ்தான் முக்கியம், அது எவ்வளவு அகலத் திறக்கிறதோ அவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும் என்று விளக்கினார். இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். ஒன்று ஐம்பது மில்லிமீற்றர், உள்ளங்கையில் அடங்கும், எஃப் 1.8 வரை அகலத் திறக்கும். மற்றது முழங்கை நீளமான சூம். தூரத்தில் உள்ளதைக் கிட்டக் கொண்டுவரும். ஆனால் முக்காலி வேண்டும். கடை விளக்குகளை அணைத்துவிட்டு, இரண்டாலும் தன்னையே எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

நான் நீளமானதைக் கேட்டேன். அவர் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். பிறகு கமராவுக்கும் முக்காலிக்கும் சேர்த்துப் பில் எழுதினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பைக்குள் நீள லென்ஸும் முக்காலியும். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

பொலிஸ் நிலையத்தில் ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். அதிகாரி கமராவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் கடை முதலாளியின் முகம்தான். இவ்வளவு பெரிய லென்ஸ் எதற்கு, வீடு எங்கே, துறைமுகம் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். கடைசியாக, “எதைப் படம் எடுக்கப்போகிறாய்?” என்றார்.

“லைற்றை, சேர்” என்றேன்.

எந்த லைற் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அது பொய்யில்லை, ஆனாலும் பொய் சொன்னவனைப் போலத்தான் எனக்கு வியர்த்தது. எனக்குப் பக்கத்தில் ஹட்டனிலிருந்து வேலை தேடி வந்த ஒருவர் இருந்தார். நகரத்தில் தங்கப் பொலிஸில் பதிந்த துண்டு இல்லாததால் பிடித்திருந்தார்கள்.

பில்லில் இருந்த நம்பருக்கு அதிகாரி போன் எடுத்தார். முக்கால் மணித்தியாலத்தில் முதலாளி கடையைப் பூட்டிவிட்டு, பில் புத்தகத்தோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். உள்ளே போய் நெடுநேரம் பேசி, ஒரு தாளில் கையெழுத்து வைத்தார். என்னை விட்டார்கள். ஹட்டன்காரர் வாங்கிலேயே இருந்தார்.

ஓட்டோவில் முதலாளி என்னைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டுச் சொன்னார். “மல்லி, இந்த லென்ஸ் உங்களுக்குச் சரிவராது. லென்ஸில் பிழை இல்லை. கடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தது.”

எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டு வாசலில் மனைவி பக்கத்து வீட்டு அக்காவோடு நின்றுகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். நடந்ததைக் கேட்டுவிட்டு, “வீட்டுக்குள்ளயும் லைற் இருக்குத்தானே, அதை எடுங்கோ” என்றாள்.

திங்கட்கிழமை நீள லென்ஸையும் முக்காலியையும் கொடுத்துவிட்டுச் சின்னதை வாங்கி வந்தேன். குசினி பல்பின் வெளிச்சத்தில் மனைவியை எடுத்துப் பழகினேன். கண்ணைக் குறிவைத்தால் காது மங்கிப்போகும். தோளைச் சுவரில் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் படம் ஆடாது.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் இரவு, சாப்பிட்டு முடித்த நேரம், நகரம் முழுவதும் கரண்ட் போனது. குண்டு போட விமானம் வருகிறது என்று யாரோ படியில் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். துறைமுகப் பக்கமிருந்து படையினர் அதை நோக்கிச் சுடத் தொடங்கினார்கள். யன்னலுக்கு வெளியே சிவப்புக் கோடுகள் மேலே ஏறின. கமராவை எடுத்தேன். “யன்னலடிக்குப் போகாதேங்கோ” என்றாள் மனைவி. நான் போகவில்லை. அவள் சுவரோடு சாய்ந்து, வயிற்றில் கை வைத்து நிலத்தில் இருந்தாள். மேசைக்கு அடியில் ஒரு மெழுகுதிரியை மறைத்து வைத்திருந்தோம். முழங்காலில் நின்று, லென்ஸை முழுதாகத் திறந்து, அவளை எடுத்தேன். ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் என் கை துள்ளியது. ஒன்பதாவது படம்தான் ஆடாமல் வந்தது.

“நான் தெரியிறனா?” என்று கேட்டாள்.

“ஓம். கொஞ்சம் தெரியிறாய்.”

மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த பிறகு அந்தப் படத்தைப் பிரின்ட் போட்டு முதலாளியிடம் கொண்டுபோனேன். மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். என்ன வேகத்தில் எடுத்தது என்று கேட்டார். எட்டில் ஒரு செக்கன் என்றேன். என்றைக்கு எடுத்தது என்று கேட்டார். அதையும் சொன்னேன். தன் வீட்டிலும் அன்றைக்குப் பிள்ளைகளோடு கட்டிலுக்கு அடியில்தான் இருந்ததாகச் சொல்லிவிட்டு, தேநீர் கொண்டுவர உள்ளே குரல் கொடுத்தார்.