வண்டிக்கு ஒரு டம்ளர்

நேற்றுக் காலை அரக்கோணம் பாசஞ்சர் நிற்பதற்குள் கார்டு தலையை நீட்டி, "உங்க தண்ணிக்கார ஏகாம்பரம் பூட்டாருப்பா, வேப்பம்பட்டுல சொன்னாங்க" என்றார். என் ஜன்னலில் கூட்டம் நின்றது. எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்து முடித்த பிறகுதான் அழுதேன்.

பட்டாபிராம் ஸ்டேஷனில் அவர் கையால் தண்ணீர் குடித்தவர்களுக்கு அவரைத் தெரியும். யுத்த நாட்களில் பட்டாளத்து ஸ்பெஷல் ரயில் வந்தால், வாளியோடு பெட்டி பெட்டியாக ஓடி, சிப்பாய் நீட்டிய தொப்பியில்கூட ஊற்றியவர். எனக்கு மட்டும் ஊற்ற மாட்டார்.

எனக்குக் குடல் புண். வருஷக்கணக்காக ரத்தமும் சளியுமாகக் கழிச்சல், நாளைக்குப் பத்துத் தடவை. டிக்கெட் கொடுக்கிறவன் ஜன்னலை விட்டு ஓடினால் வேலை நிலைக்குமா? நான் ஓடும்போதெல்லாம் ஏகாம்பரம் ஜன்னலருகே நின்று, "இன்னா அவசரம் நைனா? வண்டி திருநின்றவூரே தாண்டல" என்று கூட்டத்தைப் பேச்சில் பிடித்து வைப்பார். ஆனால் நான் டம்ளரை நீட்டினால் வாளியை இழுத்துக்கொள்வார். "வயித்தால போறவனுக்குத் தண்ணி குடுத்தா இன்னும் புட்டுகினு போவும். உன்ன நானே கொல்லவா?" ஊரே அப்படித்தான் நம்பியது. எனக்கும் அது வசதியாகவே இருந்தது. குடிக்காவிட்டால் ஓட வேண்டாமே. நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு பொழுதை ஓட்டினேன்.

அந்தச் சித்திரைப் பகல் கனவா நனவா என்று இன்றும் தெரியவில்லை. தண்டவாளத்தின் மேல் கானல் ஏரிபோலத் தளும்பியது. முழங்காலளவு நீரில் ஏகாம்பரம் நடந்து வருகிறார். வாளி நிறைந்து வழிகிறது. வந்துகொண்டே இருக்கிறார், வந்து சேரவே மாட்டேன் என்கிறார். அப்போது விலாவுக்குக் கீழே பிடித்தது பாருங்கள் ஒரு வலி, அம்மாடி! சிறுநீர் சிவப்பாகச் சொட்டியது. கல்லடைப்பு. அவர்தான் என்னை வண்டியில் ஏற்றி, சென்ட்ரலில் இறக்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்.

டாக்டர் அவர் முன்னாலேயே கேட்டார்: "தண்ணீரே குடிப்பதில்லையா? இருக்கிற நீரெல்லாம் குடல் வழியாகவே போனால் சிறுநீரகத்துக்கு என்ன மிஞ்சும்? உப்பு உறைந்து கல்லாகத்தான் ஆகும். இப்படியே விட்டால் சிறுநீரகம் கெட்டு, நீங்களும் தேறமாட்டீர்கள்."

ஏகாம்பரம் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஊருக்கெல்லாம் ஊத்துனேன், உன்ன மட்டும் காயப் போட்டுட்டேனே நைனா" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். கொஞ்சம் வந்தது. அவர் அழுத அழுகையில் அதுவும் போயிற்று.

கல் இறங்கியது. வேலைக்குத் திரும்பிய நாள் முதல், வண்டிக்கு ஒரு டம்ளர் என்று முறை வைத்தார். காலை பாசஞ்சருக்கு, கழிச்சலில் போகிற உப்புக்கு ஈடாக, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், மற்ற வண்டிகளுக்கு வெறும் தண்ணீர். நான் குடித்து முடிக்காமல் நகர மாட்டார்.

"பட்டாளம் காத்துகினு கீது, போ அண்ணாத்தே" என்பேன்.

"கெடக்கட்டும். நீ குடி."

கழிச்சல் நிற்கவில்லை. நான் ஓடினேன், அவர் ஜன்னலில் நின்றார். கல் மட்டும் திரும்ப வரவில்லை.

போன வருஷம் கண் மங்கி வேலையை விட்டபோது, வாளியைப் புது ஆளிடம் ஒப்படைத்தார். டம்ளரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

நேற்றும் அந்தப் பாசஞ்சர் நகர்வதற்குள் என் கை தானாக அதை எடுத்தது. அழுதுகொண்டே குடித்தேன். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது இதுதான்: தூரத்தில் வண்டி கூவினால் எனக்குத் தாகம் எடுக்கிறது.